34 கிலோ கூரைக்கு எந்த ஹாய்ஸ்ட்? ஒரு ஹார்ட்டாப், ஒரு கேரேஜ்: நிகழ்வு ஆய்வு

கழற்றி மாட்டும் ஹார்ட்டாப் (கெட்டியான கூரை) உள்ள கன்வர்ட்டிபிள் காருக்கு, அந்தக் கூரையைத் தூக்கித் தொங்கவிடும் ஹாய்ஸ்ட் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தூக்கும்?" இந்த ஆய்வில் வரும் உரிமையாளரும் அதைத்தான் கேட்டார். அதற்குப் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: விற்பனையில் உள்ள சிறிய ஹாய்ஸ்ட்கூட அந்தக் கூரையைத் தூக்கிவிடும். தேர்வை உண்மையில் முடிவு செய்தவை வேறு. காரின் கூரைக்கும் கேரேஜ் விதானத்துக்கும் நடுவே மிஞ்சும் இடம், காரோடு பிணைக்கும் பூட்டிலிருந்து கூரை விடுபடும் முதல் சில சென்டிமீட்டர், அதன்பின் அது மாதக்கணக்கில் தொங்கப்போகும் காலம். எடைத்திறனை முதலில் பார்த்து வாங்கினால் இந்த மூன்றிலும் சிக்கிக்கொள்வோம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

காரும் கூரையும்

கார், மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129. 1989 முதல் 2001 வரை தயாரான வரிசை. இதன் ஹார்ட்டாப் அலுமினியம். எடை சுமார் 34 கிலோ. இதற்கு முந்தைய ஆர்107-இன் கூரை இதைவிடக் கனமானது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் 34 கிலோ ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் கைக்கு வரும் சுமை எடையைப் பொறுத்தது மட்டும் அல்ல. கதவுக்கு வெளியே நின்று, இடுப்பை வளைத்து, கையை முன்னால் நீட்டி, பெயின்ட்டில் எதுவும் உரசாமல் நேர் மேலாகத் தூக்க வேண்டும். முதுகுத் தண்டுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. உரிமையாளருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முதுகுவலியும் உண்டு. அவருடைய மச்சான்தான் எப்போதும் துணைக்கு வருகிறவர்.

"மச்சான், பட்டனை அழுத்தினா மேல போகணும், அவ்வளவுதான். கரண்ட் ஹாய்ஸ்ட்டே வாங்கிடுங்க" என்பது அந்த மச்சானின் கட்சி. உரிமையாளர் என்னிடம், "தம்பி, எனக்கு அது தூக்குறதைப் பத்திக் கவலை இல்ல. ராத்திரி கீழ கார் நிக்கும்போது அது மேல நிக்குமான்னு சொல்லுங்க" என்றார். பின்னால் வந்த எல்லா முடிவுகளுக்கும் அவருடைய அந்தக் கேள்விதான் சரியான தொடக்கமாக இருந்தது.

உயரக் கணக்கு

தரையிலிருந்து கான்கிரீட் விதானம் வரை 2.45 மீட்டர். சாஃப்ட் டாப் என்னும் மடக்கும் துணிக் கூரை மூடியிருக்கும்போது காரின் உயரம் ஏறத்தாழ 1.30 மீட்டர். மழையில் சாஃப்ட் டாப்பை மூடிக்கொண்டு வந்து நிறுத்தினாலும் இடிக்கக்கூடாது என்றால், தொங்கும் ஹார்ட்டாப்பின் கீழ் விளிம்பு 1.45 மீட்டராவது இருக்க வேண்டும். கீழ் விளிம்பிலிருந்து உச்சி வரை கூரையை அளந்தால் 52 செ.மீ. ஆக உச்சி 1.97 மீட்டருக்குப் போய்விடும். விதானத்துக்கும் அதற்கும் நடுவே மிஞ்சுவது 48 செ.மீ.

இந்த 48 செ.மீ.க்குள் ஹாய்ஸ்ட், கொக்கி, பெல்ட் எல்லாம் அடங்க வேண்டும். பைப்பில் மாட்டித் தொங்கவிடும் சிறிய மின் ஹாய்ஸ்ட் ஒன்றை அளந்து பார்த்தோம். உடம்பு, மேல் எல்லையில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச், கொக்கி எல்லாமாக 40 செ.மீ.யை விழுங்கியது. பெல்ட்டுக்கு மிச்சம் ஒரு சாண்கூட இல்லை.

பெல்ட்டைக் குட்டையாகக் கட்டினால் என்ன? இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விசை வருகிறது. ஒரே கொக்கியிலிருந்து இருபுறமும் இறங்கும் பெல்ட், கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் இழுவிசை 20 கிலோ அளவில் இருக்கும். கூரையின் பக்கங்களை உள்நோக்கி நெருக்கும் விசை 10 கிலோ. கோணம் 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு பக்கமும் முழு 34 கிலோ இழுக்கும்; நெருக்கும் விசை 29 கிலோ ஆகிவிடும். கூரை அதே கூரைதான், எடையும் கூடவில்லை. பெல்ட் சாய்ந்ததால் மட்டும் நெருக்கல் மூன்று மடங்கு. அலுமினியக் கூரையின் பக்க விளிம்பும் ரப்பர் பட்டையும் இப்படி நெருக்கப்படுவதற்காகச் செய்தவை அல்ல. பெல்ட்டின் இரு பக்கங்களையும் விலக்கிப் பிடிக்க நடுவே விரிப்புக் கம்பி வைத்தால் இந்த விசை போய்விடும், ஆனால் அந்தக் கம்பிக்கும் உயரம் வேண்டும். நம்மிடம் இல்லாதது அதுதான்.

இன்னொரு தடை கேரேஜ் கதவு. பலகை பலகையாக மேலேறி விதானத்தை ஒட்டிப் படுக்கும் ரகம். அதன் தண்டவாளங்களும் நடுவே ஓடும் மோட்டார் கம்பியும் வாசல் பக்கப் பாதியை அடைத்திருந்தன. காரை மூக்கு உள்நோக்கி நிறுத்தினால் ஹார்ட்டாப் சரியாக அந்தக் கம்பிக்குக் கீழே வருகிறது. பின்னோக்கி ஏற்றி, மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்தினால் ஹார்ட்டாப் உள் பாதிக்கு நகர்ந்துவிடும், கதவு தன் போக்கில் திறந்து மூடலாம். அதோடு இன்னொரு நன்மையும் உண்டு. வெளியே போகும்போது முன் கண்ணாடிச் சட்டம் கூரைக்கு அடியில் புகாமல், அதைவிட்டு விலகித்தான் போகும். ஒரு பொருளும் வாங்காமல் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது நிறுத்தும் திசையை மாற்றியதுதான்.

எடைமையத்தைப் பிடித்தல்

கூரையின் பின்பாதியில் கண்ணாடி இருக்கிறது. ஆகவே எடைமையம் நடுவில் இருக்காது, பின்னால் தள்ளி இருக்கும். எவ்வளவு தள்ளி என்று ஊகிப்பதற்குப் பதில் அளந்துவிடலாம். குளியலறையில் எடை பார்க்கும் தராசு இரண்டு போதும். முன் விளிம்பை ஒன்றிலும் பின் விளிம்பை மற்றொன்றிலும் மெத்தை வைத்துத் தாங்க வைத்தோம். தாங்கிய இடங்களுக்கு நடுவே 1.2 மீட்டர். முன்னால் 13 கிலோ, பின்னால் 21 கிலோ. 21-ஐ 34-ஆல் வகுத்து 1.2-ஆல் பெருக்கினால் 0.74. அதாவது எடைமையம் முன் விளிம்பிலிருந்து 74 செ.மீ. தள்ளி.

இந்த ஒரு எண் ஒரு வழியை முழுவதுமாக அடைத்தது. கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தத் திறப்பு வழியாக அகலமான பெல்ட் இரண்டைக் கூரைக்கு அடியில் விட்டுத் தூக்குவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எளிமையானது, பெயின்ட்டுக்கும் பாதகமில்லை. ஆனால் இந்தக் கூரையில் அந்தத் திறப்பு 78 செ.மீ.யில் முடிந்துவிடுகிறது. பின் பெல்ட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் எடைமையம் அதற்கு 4 செ.மீ. முன்னால்தான் நிற்கும். கிட்டத்தட்ட எல்லா எடையும் அந்த ஒரு பெல்ட்டில் ஏறும். பின் கண்ணாடியில் யாராவது கை வைத்து லேசாக அழுத்தினாலே மூக்கு மேலே எழும்பிவிடும். எனவே பின் பிடிமானம் பின் விளிம்பிலேயே இருந்தாக வேண்டும் என்று முடிவானது.

பார்த்த வழிகள்

மச்சான் சொன்ன மின் ஹாய்ஸ்ட் முதலில். உயரத்தில் அடிபட்டது என்று மட்டும் சொல்லி அதை ஒதுக்குவது நியாயமில்லை, ஏனென்றால் அதைச் சுவரில் மாட்டிக் கம்பியைக் கப்பிகள் வழியாகத் திருப்பினால் உயரப் பிரச்சினை தீரும். வேறு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று வேகம். ஒற்றைக் கம்பியில் நிமிடத்துக்கு 10 மீட்டர் என்பது இந்த ரகத்தில் சாதாரணம். நொடிக்கு 17 செ.மீ. கொக்கியில் கப்பி போட்டு இரட்டைக் கம்பியாக்கினாலும் 8 செ.மீ. பட்டனைத் தொட்டு எடுப்பதற்குள் கூரை ஒரு கை அகலம் ஏறிவிடும். பூட்டிலிருந்து விடுபடும்போது நமக்குத் தேவை மில்லிமீட்டர் கணக்கு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. 125 கிலோ திறன் என்று எழுதியிருப்பதைப் பலர் பாதுகாப்பு என்று படிக்கிறார்கள். ஒரு மூலையில் பூட்டு திறக்காமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மோட்டார் 34 கிலோவில் நிற்காது. தன் முழு பலத்தோடும் இழுக்கும், அந்த இழுவை முழுவதும் அந்த ஒரு மூலையில் இறங்கும். அங்கே திறன் கூடக்கூடச் சேதமும் கூடும். தவிர, இத்தகைய ஹாய்ஸ்ட்களின் கையேடுகளில் சுமையைத் தொங்கவிட்டபடி விட்டுப் போகக்கூடாது என்ற எச்சரிக்கை வழக்கமாக இருக்கும். நாம் செய்யப்போவதே அதைத்தான்.

கயாக் படகைத் தொங்கவிடும் கயிறு கப்பி செட்டையும் பார்த்தோம். முன்னுக்கு ஒரு கயிறு, பின்னுக்கு ஒரு கயிறு. கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல்தான் பூட்டு. இரண்டு முனையும் தனித்தனியாக ஏறுவதால் ஒரே ஆள் மாறி மாறி இழுக்க வேண்டும், கூரை ஒவ்வொரு முறையும் சாயும். லேசான கூரைக்குக்கூட நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சக்கரம் வைத்த தரைத் தாங்கி, வாடகைக் கேரேஜில் இருப்பவர்களுக்கு நல்ல தீர்வு. விதானத்தில் ஒரு துளையும் போட வேண்டாம். இங்கே தரையில் இடமில்லை.

மிஞ்சியது சுவரில் மாட்டும் கை வின்ச், அதாவது கைப்பிடியைச் சுற்றிக் கம்பியை உருளையில் இழுக்கும் கருவி. விதானத்தில் நான்கு மூலைக்கு நான்கு கப்பி, நான்கு கம்பிகளும் ஒரே தகட்டில் சேர்ந்து, அந்தத் தகட்டை ஒரே கம்பியால் வின்ச் இழுக்கும். தகடு ஒன்றாக நகர்வதால் நான்கு மூலையும் ஒரே அளவு ஏறும். எடைமையம் எங்கிருந்தாலும் கூரை சாயாது. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு டர்ன்பக்கிள் (திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) வைத்தால் மட்டத்தை ஒருமுறை சரிசெய்து விட்டுவிடலாம். கம்பிகள் செங்குத்தாக இறங்குவதால் பக்கவாட்டில் நெருக்கும் விசை கிடையாது. உச்சிக்கும் விதானத்துக்கும் நடுவே கப்பிக்கு மட்டும் இடம் போதும்.

வின்ச்சிலும் ஒரு தேர்வு இருந்தது. படகு டிரெய்லர்களில் வரும் தானியங்கி பிரேக் வின்ச்தான் பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த பிரேக் பிடிப்பதே சுமையின் இழுவையால்தான். குறைந்தபட்ச சுமை என்று ஒன்று அதற்கு உண்டு. சில மாடல்களில் 25 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் பிரேக் ஒழுங்காகக் கவ்வாது. நம் கூரை இறங்கும்போது கப்பி உராய்வு போக வின்ச்சுக்கு வந்து சேரும் இழுவை 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். எல்லைக்கு மிக அருகில். அதனால் 20:1 விகிதமுள்ள வார்ம் கியர் (திருகு வடிவத் தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) வின்ச்சைத் தேர்ந்தோம். கைப்பிடியை விட்டாலும் சுமையால் அதைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. 5 செ.மீ. விட்டமுள்ள உருளையில், கைப்பிடியின் ஒரு சுற்றுக்குக் கம்பி 8 மி.மீ. நகரும். 60 செ.மீ. உயர்த்த 75 சுற்றுக்குமேல் சுற்ற வேண்டும் என்பது அலுப்புதான். ஆனால் கூரை பூட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அந்த 8 மில்லிமீட்டர்தான் நமக்கு வேண்டியது.

கம்பி, கப்பி, போல்ட்

கம்பி 3 மி.மீ., 7×19 முறுக்கு, அதாவது 19 இழை கொண்ட ஏழு புரிகள். வளைந்து கொடுக்கும் ரகம். அறுபடும் பலம் 500 கிலோவை ஒட்டி வரும். கப்பியின் விட்டம் கம்பியைப் போல 18 மடங்காவது இருக்க வேண்டும் என்பதால் 60 மி.மீ. கப்பிகள். சின்னக் கப்பியில் கம்பி வளைந்து வளைந்து உள் இழைகள் முதலில் ஒடியும், அது வெளியே தெரியாது.

விதானத்தில் எந்த போல்ட்டுக்கு அதிக சுமை வரும் என்பதில் ஒரு தவறான கணிப்பு சாதாரணமாக நடக்கிறது. மூலைக் கப்பிகளுக்குத்தான் என்று நினைக்கிறோம். பின் மூலை ஒவ்வொன்றுக்கும் 10.5 கிலோ, கம்பி அங்கே 90 டிகிரி திரும்புவதால் கப்பியின் மேல் விழுவது அதன் 1.41 மடங்கு, 15 கிலோ. ஆனால் தகட்டிலிருந்து வரும் ஒற்றைக் கம்பி சுவரோரம் திரும்பிக் கீழே வின்ச்சுக்கு இறங்கும் கப்பி, மொத்த இழுவையையும் தாங்குகிறது. உராய்வோடு சேர்த்து 40 கிலோ என்றால் அதன் போல்ட்டுக்கு 56 கிலோ. அந்த ஒன்று விட்டால் நான்கு மூலையும் ஒரேயடியாக விழும். ஐந்து மடங்கு பாதுகாப்பு வைத்து 280 கிலோவுக்கு அதைத் திட்டமிட்டோம். இரண்டு போல்ட் போட்ட தகட்டில் மாட்டினோம்.

போல்ட்டின் வகையில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தலைக்கு மேல் நாள் முழுக்க இழுபடும் இடத்தில், துளைக்குள் விரிந்து கவ்வும் இரும்பு ஆங்கர்தான். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பசை ஊற்றி ஒட்டும் ஆங்கர் கூடாது. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு சுரங்கச் சாலையின் கான்கிரீட் விதானப் பலகைகள் கார் மேல் விழுந்து ஒருவர் இறந்தார். அவற்றைத் தாங்கியவை எபாக்ஸி பசையில் ஒட்டிய ஆங்கர்கள். தொடர்ந்த சுமையில் அந்தப் பசை மெல்ல மெல்ல நெகிழ்ந்து வெளியேறியதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. சுமையை ஒரு நாள் தாங்கிக் காட்டுவது வேறு, பல மாதம் தாங்குவது வேறு. நீண்டகாலச் சுமைக்கென்று சோதித்துச் சான்று பெற்ற பசை ஆங்கர்களும் உண்டு, ஆனால் துளையைச் சுத்தம் செய்வதிலிருந்து எல்லாம் அச்சொட்டாக நடக்க வேண்டும். வீட்டுக் கேரேஜில் அந்தச் சிரமம் தேவையில்லை. துளை போடும் முன் கான்கிரீட்டுக்குள் கட்டுக் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்தோம். உங்கள் விதானம் உள்ளீடற்ற பலகையோ முன்னிறுக்கக் கான்கிரீட்டோ (உள்ளே இழுத்து இறுக்கிய எஃகுக் கம்பி உள்ளது) என்றால், கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் துளை போடாதீர்கள்.

இதற்குப் பிறகும், தூக்கும் கம்பியையே தாங்கும் கம்பியாக விடவில்லை. வார்ம் கியர் பின்னோக்கிச் சுழலாது என்றாலும் அதிர்வில் மெல்ல நகரலாம்; கேரேஜ் கதவு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் விதானம் அதிரும். எனவே நான்கு மூலைக்கும் தனி போல்ட்டில் தனிச் சங்கிலி. கூரை மேலே போனதும் சங்கிலிகளை மாட்டி, வின்ச்சை அரைச் சுற்று இறக்கி, எடையைச் சங்கிலிக்கு மாற்றிவிட வேண்டும். கம்பி தொய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். உரிமையாளர் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்தச் சங்கிலிகள்தான்.

முதல் தூக்கல்

தகட்டுக்கும் வின்ச் கம்பிக்கும் நடுவே ஒரு தொங்கு தராசை மாட்டியிருந்தோம். வார்ம் கியரில் கைக்குச் சுமையே தெரியாது. பூட்டு சிக்கினாலும் கைப்பிடி அதே லேசில் சுழலும். அந்தக் குறையைத் தராசு ஈடுகட்டும். 45 கிலோவைத் தாண்டினால் நிறுத்துவது என்று முன்பே பேசி வைத்தோம்.

இந்தக் காரில் பூட்டுகள் ஹைட்ராலிக். உள்ளே சுவிட்ச்சை இயக்கினால் திறக்கும். திறந்ததும் பின் விளிம்புக்கு அடியில், கண்ணாடி பொருத்துகிறவர்கள் பயன்படுத்தும் காற்றுப் பை ஆப்பை ஒரு துணிமேல் வைத்து ஊதி இரண்டு செ.மீ. இடைவெளி உண்டாக்கினோம். பின் கொக்கிகள் அதில் நுழைந்தன. யாரும் குனிந்து தூக்கவில்லை. முன் கொக்கிகள், கண்ணாடிச் சட்டத்தில் அமரும் கூரையின் முன் விளிம்பில். முன்னையும் பின்னையும் ஒரு பெல்ட் இணைத்து, கொக்கி நழுவாமல் பார்த்துக்கொண்டது.

சுற்றத் தொடங்கியதும் தராசு 20, 30 என்று ஏறி 38-ல் வந்தது. முன் விளிம்பு கிளம்பியது. அடுத்த சுற்றில் 44. அடுத்த அரைச் சுற்றில் 52. நிறுத்தினோம். இடது பின் மூலையில் மட்டும் இடைவெளி கூடவே இல்லை. ரப்பர் பட்டை அங்கே நசுங்கியபடியே இருந்தது. வின்ச்சை இறக்கி, கொக்கிகளைத் தளர்த்தி, பூட்டை மறுபடி மூடித் திறந்தபோது அந்த மூலையில் 'டக்' என்ற சத்தம் தாமதமாகக் கேட்டது. இரண்டாவது முறை தராசு 40-ல் நிலையாக நின்றது, நான்கு மூலையும் சேர்ந்து எழுந்தன. இறக்கிப் பார்க்கையில் 29. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கப்பிகளின் உராய்வு. மச்சான் அந்த 52-ஐப் பார்த்த பிறகு கரண்ட் ஹாய்ஸ்ட் பேச்சை எடுக்கவில்லை.

ஏற்றுவதைவிட இறக்குவதுதான் நுணுக்கமான வேலை. கம்பிகள் ஒரே இடத்தில்தான் இறங்கும். காரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்க வேண்டும். பூட்டுக் குழிகளில் கூரை அமர, சில மில்லிமீட்டர் விலகல்தான் மன்னிக்கப்படும். தரையில் பின் சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை பதித்தோம். விதானத்திலிருந்து இரண்டு தூக்குக்குண்டு நூல்கள், காரின் நடுக்கோட்டில், முன்னொன்று பின்னொன்று. அவற்றுக்கு நேராக வந்தால் போதும். கடைசி இரண்டு செ.மீ.யில் ஒருவர் வின்ச்சிலும் ஒருவர் கூரையின் ஓரத்தில் கை வைத்தும் நிற்க வேண்டும். தனி ஆளாக இறக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

வேறு கார் என்றால்

மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் பழைய ஹார்ட்டாப் 20 கிலோ அளவுதான். அதற்கு பிரேக் வின்ச்சை நினைக்கவே வேண்டாம். குறைந்தபட்ச சுமைக்குக்கூட எட்டாது. அதில் தூக்குவதற்கு முன் பின் கண்ணாடி சூடேற்றியின் பிளக்கைக் கழற்ற வேண்டும், பக்கப் பூட்டுகளையும் கையால் விடுவிக்க வேண்டும். நான்கு கதவு ஜீப் ராங்லரின் கூரை 60 கிலோவுக்கு மேல். அங்கே எடை ஒரு விஷயம்தான், ஆனாலும் உயரம் அதைவிடப் பெரிய விஷயம், ஏனென்றால் வண்டியே உயரமானது. கம்பிக்குப் பதில் கயிறு விரும்புகிறவர்கள் பாலியெஸ்டர் எடுக்கலாம். நைலான் நீளும். வழவழப்பான உயர்பலக் கயிறுகள் தொடர்ந்த சுமையில் மெல்ல நீண்டுகொண்டே போகும்.

மேலே இருக்கும் காலத்தில் கூரைக்குக் காற்று புகும் துணி உறைதான், பிளாஸ்டிக் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கும். கொக்கிகளின் மெத்தை ரப்பரின் மேல் அழுந்தாமல் உலோக விளிம்பில் அமர்ந்திருக்கிறதா என்று சங்கிலி மாட்டிய பிறகு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பல மாதம் ஒரே இடத்தில் அழுந்திய ரப்பர், கூரையை மாட்டிய பிறகு மழைத்தண்ணீரை உள்ளே விடும்.